சுவரில் எழுதிய கணக்கும் வானில் எழுதிய கணக்கும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரின் பெயரைக் கேட்டதும் வரலாறு பயின்றோர் நினைவில் எழுவது குடவோலை முறையாகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், இவ்வூர்ச் சபையின் விதிகள் வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவரில் பொறிக்கப்பட்டன. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலைகள் குடத்திலிடப்பட்டு, வாரிய உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவ்விதிகளுள் ஒன்று நம் கருத்தைக் கவர்வது: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு உரியவர் ஆகார். கணக்கு மறைவில் இருத்தலாகாது. விதி எல்லோரும் காணும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இன்று அதே ஊரிலிருந்து பேருந்தில் செங்கற்பட்டு சென்று, மின்சார ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கினால், எதிரே சென்னை விமான நிலையம். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிழைப்பு நாடிச் செல்லும் பிள்ளைகளும், உம்ராவுக்குப் புறப்படும் பெரியவர்களும் அவ்வழியே செல்கின்றனர். ஒரே விமானம், அடுத்தடுத்த இருக்கை. ஆயினும் ஒருவர் கொடுத்த தொகையின் இரு மடங்கை மற்றவர் கொடுத்திருப்பார். பின்னிருக்கைச் சீட்டு வாங்கிய வேறொருவரோ முன்வரிசையின் அகன்ற ஆசனத்தில் சாய்ந்திருப்பார். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று? இதன் விதிகள் எந்தச் சுவரில் எழுதப்பட்டுள்ளன?

முதலில் கப்பற் காலத்தைக் காண்போம். தமிழ் முஸ்லிம்களுக்குக் கடற்பயணம் புதிதன்று. பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முன்னோர் நாட்டிய சான்று. இருபதாம் நூற்றாண்டில் அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுள் பெயர் பெற்றது, 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா'. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல், 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு தன் பணியை முடித்துக்கொண்டது. ஹஜ் பயணிகளோ பம்பாய் வரை ரயிலில் சென்று அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறினர். அக்கடல்வழி 1995-உடன் நின்றது. கப்பலில் தளப் பயணி, அறைப் பயணி என்னும் வகுப்பு வேறுபாடு உண்டு. ஆனால் தளத்தில் பாய் விரித்தோர் அனைவரும் கொடுத்தது ஒரே கட்டணம். இடம் எளியது, கணக்கும் எளியது.

வான்வழியின் தொடக்கமும் இத்தகையதே. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அத்தபால் அங்கிருந்து சென்னைக்கும் பறந்தது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனல், பம்பாய் – லண்டன் சேவையைத் தொடங்கிற்று. அன்றைய கட்டணம் 1,720 ரூபாய். அந்நாளைய பொன் விலையில் அது ஏறத்தாழ இருபது பவுன்! இன்றோ ஒரு பவுனின் விலையில் லண்டன் சென்று திரும்பவும் சீட்டு கிடைக்கும். அக்காலத்தில் பெரும்பாலான பன்னாட்டுக் கட்டணங்களை விமான நிறுவனங்களின் பொதுச் சங்கமாகிய 'அயாட்டா' கூடி முடிவு செய்தது. அரசுகள் ஒப்புதல் அளித்தன. எந்த நிறுவனத்தில் சென்றாலும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றே.

இந்நிலை 1970-களில் உடைந்தது. 1977-இல் பிரிட்டனின் பிரெடி லேக்கர் 'ஸ்கைடிரெயின்' என்னும் மலிவு விமானத்தை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே விட்டார். 1978-இல் அமெரிக்கா உள்நாட்டுக் கட்டணக் கட்டுப்பாட்டைச் சட்டமியற்றி நீக்கிற்று. போட்டியைச் சமாளிக்கப் பழைய நிறுவனங்கள் கணினியை நாடின. சந்தையில் காய்கறி விற்பவர், மாலையானதும் விலையைக் குறைப்பார். விமான இருக்கையும் காய்கறி போன்றதே. புறப்பட்டபின் காலி இருக்கைக்கு விலையில்லை. ஆனால் நிறுவனங்கள் இதைத் தலைகீழாக்கின. முன்கூட்டியே திட்டமிடுவோர்க்குச் சில இருக்கைகளைக் குறைந்த விலையில் ஒதுக்கின. கடைசி நேரத்தில் வருவோர்க்கு விலையை உயர்த்தின. ஏனெனில் கடைசி நேரத்தில் வருபவர் பேரம் பேசும் நிலையில் இல்லை. தந்தையின் ஜனாஸாவுக்கு விரையும் மகன் நாளை மாற்ற முடியுமா? அவனுடைய கண்ணீரைக் கணினி அறியாது. அவசரத்தை மட்டும் அறியும்.

இந்தியாவில் வானம் மெல்லத் திறந்தது. 1953-இல் நாட்டுடைமையான விமானத்துறை, 1994-இல் சட்டப்படி தனியாருக்கும் உரியதாயிற்று. 2004-இல் ஜெட் ஏர்வேஸ் தன் முதல் வெளிநாட்டுச் சேவையைச் சென்னையிலிருந்து கொழும்புக்கு நடத்திற்று. 2005-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வளைகுடாவுக்குக் குறைந்த கட்டணத்தில் பறந்தது. 2008-இல் மலேசியாவின் ஏர் ஏசியா திருச்சிக்கு வந்தது. ரஜூலாவின் தளத்தில் நாட்கணக்கில் கழிந்த பயணம், சில மணி நேரமாகச் சுருங்கிற்று.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? இருக்கைக்கு இயற்கையான விலை ஒன்றில்லை. நாளும் ஊரும் அதனை முடிவு செய்கின்றன. ஆகவே சென்னையை மட்டும் பாராது, திருச்சியையும் பெங்களூரையும் ஒப்பிட வேண்டும். அங்கே செல்லும் செலவையும், மூட்டைக்குத் தனியாக வாங்கும் கட்டணத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். நாளைப் பொறுத்தவரை நமக்கென ஒரு தனிக்கணக்கு உண்டு. பிறை ஆண்டு ஒவ்வோராண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், ரமலான் உம்ராவின் நெரிசலும் உடன் நகர்கிறது. 2030-இல் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலும் இருமுறை ரமலான் தொடங்கவிருக்கிறது. டிசம்பரோ ஏற்கெனவே விடுமுறைக் கூட்டத்தால் விலை உயரும் மாதம். இதனை இன்றே குறித்துக்கொள்பவர் அன்று வருந்தார்.

ஹஜ்ஜின் வரலாறும் இதையே கூறுகிறது. விமானக் கட்டணத்துக்கென அரசு வழங்கிய மானியத்தைப் பத்தாண்டுக்குள் படிப்படியாக நிறுத்துமாறு 2012-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது; 2018-இல் அது முற்றிலும் நின்றது. அம்மானியம் ஹாஜிகளுக்குப் பயன்பட்டதா, விமான நிறுவனத்துக்கா என்னும் கேள்வியை நம்மவரே நெடுநாள் எழுப்பி வந்தனர். மானியம் நின்ற அவ்வாண்டில், கட்டணம் குறைந்த வேறு விமான நிலையத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பயணிகளுக்கு வழங்கப்பட்டது. ஒரே ஜித்தா, புறப்படும் ஊருக்கு ஊர் கட்டணம் வேறு என்பது அப்போது வெளிச்சமாயிற்று.

இனி, முன்வரிசை ஆசனத்தின் கதை. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அடிக்கடி பறப்போரின் தொலைவை மைல் கணக்கில் வரவு வைத்து, அதற்கு ஈடாக இலவசச் சீட்டும் உயர்வகுப்பு இருக்கையும் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1997-இல் 'ஸ்டார் அலயன்ஸ்' என்னும் கூட்டணி அமைந்தபின், ஒரு நிறுவனத்தில் பறந்த மைலை வேறொன்றின் கணக்கிலும் சேர்க்க வழி பிறந்தது. ஏர் இந்தியா 2014-இல் அக்கூட்டணியில் சேர்ந்தது.

இம்மைல் யாருக்குச் சேரும்? பணம் கொடுத்தவருக்கன்று, பறந்தவருக்கு. கம்பெனிச் செலவில் மாதந்தோறும் பறக்கும் அதிகாரிக்கு அது மலையெனக் குவிகிறது. ஈராண்டுக்கு ஒருமுறை மலிவுச் சீட்டில் ஊர் திரும்பும் தொழிலாளிக்கு அது துளியாகவே சேர்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் எழுத்துக் குறியீடு உண்டு. மிகக் குறைந்த கட்டணக் குறியீட்டுக்குப் பெரும்பாலும் மைலும் குறைவு, உயர்வகுப்புக்கு மாறும் உரிமையும் இல்லை. உரிமை இருப்பினும் முன்வரிசையில் இடம் எஞ்சியிருத்தல் வேண்டும். ஆகவே சீட்டு வாங்கும் முன்னரே, 'இது உயர்வகுப்புக்கு மாறத்தக்கதா?' எனக் கேட்டறிவது அறிவுடைமை.

மேலும், இக்கணக்கின் விதியை எழுதுபவர் ஒரு தரப்பினரே. 2015-இல் அமெரிக்காவின் டெல்டாவும் யுனைடெட்டும், பறந்த தொலைவை விடுத்துச் செலவிட்ட பணத்தை அளவுகோலாக்கின. 2024-இல் ஏர் இந்தியாவும் அவ்வழி சென்றது. பல திட்டங்களில் மைலுக்குக் காலக்கெடு உண்டு. 2012-இல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது, அதன் மைல்களைச் சேர்த்து வைத்திருந்தோர்க்கு ஏறிச்செல்ல விமானமே இல்லாமற் போயிற்று. மைல் என்பது பொன்னன்று, பூட்டி வைப்பதற்கு. அது ஒரு வாக்குறுதி. விரைவில் செலவிடத் தக்கது.

அவ்வாறாயின் நம் குடும்பங்களுக்கு இதனால் பயனில்லையா? உண்டு. எமிரேட்ஸ் போன்ற சில நிறுவனங்கள் குடும்பத்தார் அனைவருடைய மைல்களையும் ஒரே கணக்கில் சேர்க்க இடமளிக்கின்றன. துபாயிலிருக்கும் மகன், அவன் மனைவி, வந்து போகும் தம்பி ஆகியோர் தனித்தனியே சிதறவிட்ட துளிகள் ஒன்று கூடினால், முழங்கால் வலியால் வருந்தும் தாயார் உம்ராவுக்குச் செல்கையில் கால் நீட்டிப் படுத்துச் செல்ல ஓர் ஆசனமாகலாம். மற்றவர்க்கு ஆடம்பரமாகத் தோன்றும் அவ்விருக்கை, அத்தாய்க்கு இளைப்பாறுதல். ஆனால் மைலுக்காக மிகுந்த விலை கொடுத்துச் சீட்டு வாங்குவது, கொசுறுக்கு ஆசைப்பட்டு முதலை இழப்பதாகும்.

உத்திரமேரூர்ச் சபையார் கணக்குக் காட்டாதவரை ஓலையிலிருந்தே நீக்கினர். விமான நிறுவனத்தை அவ்வாறு நீக்க நம்மால் இயலாது; அதன் விதிகள் கல்லில் பொறிக்கப்பட்டவையும் அல்ல. ஆகவே நம் கணக்கை நாமே எழுதி வைத்தல் வேண்டும்: எந்நாளில் என்ன விலை கேட்டனர், எத்தனை மைல் சேர்ந்தது, எப்போது காலாவதியாகும் என ஒரு குறிப்பேடு போதும். வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் அப்பொறுப்பை ஏற்றால், பாலைவன வெயிலில் ஈட்டிய பணம் அறியாமையால் வானில் கரையாது. மிஞ்சும் தொகையில் மகன் ஒருமுறை கூடுதலாக ஊர் வந்து தாயின் முகம் காணலாம். அதைவிடப் பெரிய ஆதாயம் வேறென்ன?