திண்டிவனத்துக்கு வழி சொல்லும் பாட்டு

சிறுபாணாற்றுப்படை பற்றித் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பது தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். பத்துப்பாட்டில் ஒன்று. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அடிகள் 269. இலக்கிய வகை ஆற்றுப்படை. ஐந்துக்கு ஐந்து. ஆனால் இந்த விடையைத் திண்டிவனத்தில் உட்கார்ந்து எழுதுகிற பையனுக்கோ பெண்ணுக்கோ, அந்தப் பாட்டு வழி சொல்கிற ஊரே தான் உட்கார்ந்திருக்கும் ஊர்தான் என்பது தெரியுமா? நான் கேட்டுப் பார்த்தவரை பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. நான் படித்த காலத்தில் எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

நல்லியக்கோடனின் தலைநகர் கிடங்கில். இன்று அது திண்டிவனம் நகருக்குள்ளேயே கிடங்கல் என்ற பெயரில் இருக்கிறது. சங்கத் தொகைகளைப் புரட்டினால் அந்த ஊர்க்காரப் புலவர்கள் மூன்று பேராவது கிடைப்பார்கள். நற்றிணையில் கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், குறுந்தொகையில் கிடங்கில் குலபதி நக்கண்ணனார். புறநானூற்றின் 176ஆம் பாட்டிலும் நல்லியக்கோடன் வருகிறான். இன்றைக்குத் திண்டிவனம் என்றால் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பேருந்து நிற்கிற இடம், அவ்வளவுதான் பலருக்கு.

பாட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு பாணன், வழியில் தன்னைப் போலவே சுற்றத்தோடு நடந்து களைத்த இன்னொரு பாணனைப் பார்க்கிறான். வஞ்சி, மதுரை, உறந்தை என்று மூவேந்தர் தலைநகரங்களும் இப்போது கொடையில் வற்றிவிட்டன என்கிறான். பழைய வள்ளல்கள் ஏழு பேரைச் சொல்லி, அவர்கள் ஏழு பேரும் இழுத்த பாரத்தை நல்லியக்கோடன் ஒருவனே இழுக்கிறான் என்கிறான். அதற்குப் பிறகு தன் வீட்டு அடுப்படியைச் சொல்கிறான். கண் திறக்காத குட்டிகள் பால் கேட்டு முட்ட, தாய் நாயிடம் பால் இல்லை. கூரை இற்றுக் கிடக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பு இல்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடுகிறார்கள். இப்படி இருந்த எங்களுக்கு யானையும் தேரும் கிடைத்தன, நீங்களும் போங்கள் என்று வழி சொல்ல ஆரம்பிக்கிறான்.

அந்த வழி நிஜமான வழி. முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம். அதை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மா இதுதான் என்றும் ஒரு கருத்து உண்டு. சோ என்றாலும் எயில் என்றாலும் மதில்தான் என்பது அதற்கு ஆதாரம். அலை கொண்டுவந்து போட்ட மணமுள்ள கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவது போலக் கிடக்கின்றன என்கிறார் நத்தத்தனார். (மரக்காணம் கடற்கரையில் ஒட்டகம் எங்கே வந்தது என்று கேட்டால், அதைக் கப்பல்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். உவமை சொல்லுமளவுக்கு இவருக்கு அது தெரிந்திருக்கிறது.) அங்கே பரதவர் நன்கு முதிர்ந்த தேறலும் சுட்ட கருவாடும் கொடுப்பார்கள். அடுத்தது வேலூர். வட ஆர்க்காட்டு வேலூர் இல்லை, உப்புவேலூர் என்பார்கள். அங்கே எயினர் வீட்டுப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும் காட்டுமாட்டு இறைச்சியும் கிடைக்கும். அதற்கடுத்த ஆமூர், திண்டிவனத்துக்குப் பக்கத்து நல்லாமூர் எனப்படுகிறது. அங்கே உழவர் வீட்டில் குத்தின அரிசிச் சோறும் நண்டுக்கறியும். அப்புறம் கிடங்கில்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சுமார் 35 கிலோமீட்டர். உப்பளத்தில் தொடங்கி, மேட்டுப் புன்செயைத் தாண்டி, ஏரிப் பாசன நெல் வயலுக்குள் நுழைகிற அதே நிலமாற்றம் பேருந்து ஜன்னலில் இன்றும் தெரியும். நெய்தல், முல்லை, மருதம் என்று நாங்கள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தது இதைத்தான். அட்டவணையில் கருப்பொருள் இருந்தது, ஊர் இல்லை. ஊரைப் பற்றி இன்னொன்று: திண்டிவனம் என்ற பெயரைத் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்று பிரிப்பார்கள். வேலூரில் புளிச்சோறு போட்டதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனால் வகுப்பில் சொன்னால் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

இப்போது பாடப்புத்தகத்துக்கு வருவோம். 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் சிறுபாணாற்றுப்படை இருக்கிறது. எடுத்திருக்கும் பகுதி, கடையெழு வள்ளல்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி என்று போய், எட்டாவதாக நல்லியக்கோடன். ஏன் இந்தப் பகுதி என்று புரிகிறது. பெயர் இருக்கிறது, மலை இருக்கிறது, பொருத்துக கேள்வி போடலாம். ஆனால் அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான் அந்த அடுப்படி இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல வழி இருக்கிறது. ஆற்றுப்படை என்றாலே வழிப்படுத்துவது. வழி இல்லாத ஆற்றுப்படையைப் பாடமாக வைத்து, அதன் கீழே ஆற்றுப்படை என்றால் என்ன என்று விளக்கம் எழுதியிருக்கிறோம். பத்தாம் வகுப்பில் மலைபடுகடாம் வைத்தவர்கள் விருந்து கிடைக்கும் இடத்தை எடுத்தார்கள். அது எவ்வளவோ மேல். அந்தப் பாட்டின் தலைவன் நன்னன் நமக்குப் பக்கத்துச் செங்கத்துக்காரன்.

இலக்கிய வகையை இப்படிப் பெயர்ப்பலகையாகப் படிக்கும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது? பழைய ஆசிரியர்களிடம் வகை என்பது செய்து பழகுவது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) மாணவருக்கு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று வரிசையாகப் பாடம் சொன்னார். தானும் அதே வகைகளில் பாடிக்கொண்டே இருந்தார். மாணவர்களும் பாடிப் பார்த்தார்கள். தச்சுப் பட்டறையில் உளி பிடிக்கக் கற்பது மாதிரி. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று உ.வே. சாமிநாதையரைக் கேட்டபோது, அவர் ஒப்பித்த பட்டியலில் இந்தப் பிரபந்தங்கள்தான் இருந்தன. முதலியார் அசரவில்லை, பழைய நூல் படித்ததுண்டா என்று கேட்டார். அதிலிருந்து 1887இல் சிந்தாமணிப் பதிப்பு, 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டு. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் சிறுபாணன் திண்டிவனத்து மாணவர் கைக்கு வந்திருப்பானா என்பதே சந்தேகம். பழைய முறைதான் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அச்சும் பல்கலைக்கழகமும் வந்தபின் செய்கிற வகை, படிக்கிற வகையானது. 1903இல் முல்லைப்பாட்டுக்கும் 1906இல் பட்டினப்பாலைக்கும் மறைமலையடிகள் ஆராய்ச்சியுரை எழுதியபோது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். அவர் ஒரு பாட்டை முழுதாக எடுத்து, ஏன் இப்படி அமைந்தது என்று பேசினார். கல்லூரிகள் பெருகியபோது அந்த நிதானம் போனது. மு.வ.வின் இலக்கிய வரலாறு (1972) மாதிரி புத்தகங்கள் நல்லவைதான். அவற்றைப் பிழிந்து வந்த கையேடுகள்தான் மாணவர் படித்தது. நாங்களும் அதைத்தான் படித்தோம். ஆற்றுப்படைக்கு ஒரு பத்தி, அதன்கீழே ஐந்து நூற்பெயர்.

சிற்றிலக்கியத்துக்கும் இதே கதிதான். 96 வகை என்ற எண், வீரமாமுனிவரின் சதுரகராதியில் பட்டியலாகவே இருக்கிறது. அதில் ஒன்று கலம்பகம். உறுப்புகள் 18. தேவருக்குப் பாடினால் 100 பாட்டு, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30 என்று பாட்டியல் நூல்கள் அளவு வைத்திருக்கின்றன. இதை மனப்பாடம் செய்யச் சொன்னார்களே தவிர, ஏன்யா இந்தத் தராசு என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே திருவாமாத்தூர். அந்த ஊர்க் கோயிலுக்கு இரட்டைப் புலவர்கள் பாடிய திருவாமாத்தூர்க் கலம்பகம் இருக்கிறது. ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போனவர்கள். கோயில் பம்பை ஆற்றின் எந்தக் கரை என்பதைப் பாட்டில் மாற்றிச் சொல்லிவிட்டார்களாம். ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை. அன்று இரவு மழை கொட்டி, ஆறு தடம் மாறி, பாட்டுக்குத் தகுந்தபடி ஓடியதாம். கதைதான். ஆனால் பாடுகிறவன் தப்பு செய்தால் ஊர் கேட்கும், அந்த அளவுக்குப் பாட்டு ஊருக்குள் இருந்தது என்பதை இதைவிட நன்றாக எந்தக் கையேடு சொல்லும்?

பாடத்திட்டத்தை யார் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதும் இதில் உண்டு. விழுப்புரம் மாவட்டம் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது 1993இல். 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்து, இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. 2021இல் விழுப்புரத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி, அதே ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஓய்மாநாட்டுப் பிள்ளைகளுக்கு ஓய்மாநாட்டுப் பாட்டை எப்படிச் சொல்லித் தரலாம் என்று யோசிக்க வேண்டிய மேசை ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. கூத்தர், பாணர், பொருநர், விறலி என்று ஆற்றுப்படைக்கு உரியவர்களைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்கிறது. எங்கள் வகுப்பில் அதை ஒப்பித்தவர்களில் ஒருவன் கூத்துக்காரர் வீட்டுப் பையன். அவன் அப்பா ஒரு ஜமாவில் கட்டியக்காரன் வேஷம் கட்டுபவர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நாட்களில் ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து. எந்த ஊர்க்காரர்கள் பேசின பணத்தைக் குறைக்காமல் கொடுப்பார்கள், எங்கே விடிந்ததும் சோறு போடுவார்கள், எந்த ஊருக்கு முன்பணம் வாங்காமல் போகக் கூடாது என்பதெல்லாம் ஒரு ஜமா இன்னொரு ஜமாவுக்குச் சொல்லும். டீக்கடையில் அவன் அதைச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வகுப்பில் அவன் எழுதியது, பரிசில் பெற்ற ஒருவர் பெறாத ஒருவரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. வரிக்கு வரி சரியான விடை. தெருக்கூத்து எங்களுக்கு வேறு தாளில், நாட்டுப்புறவியலில் வந்தது. இரண்டு தாளையும் சேர்த்துப் பேச யாருக்கும் நேரமில்லை.

தமிழாசிரியர் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் நடத்தும்போது வள்ளல்கள் ஏழு பேரை முடித்த பிறகு ஒரு பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் இல்லாத அந்த அடுப்படியையும் மூன்று ஊர்ச் சாப்பாட்டையும் சொல்லுங்கள். கரும்பலகையில் மரக்காணம் என்றும் திண்டிவனம் என்றும் இரண்டு புள்ளி வைத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் தினம் பேருந்தில் வருகிற பிள்ளைகள் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள்.

நத்தத்தனாரின் இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவில், இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. அவரும் இந்தக் கடற்கரைக்காரர்தான். அந்த ஊரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.