திரைக்குப் பின் நின்ற விளக்கு

திரையில் ஆடும் உருவத்தைக் காண்போர் பலர். அவ்வுருவத்தைக் காட்டும் விளக்கை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தானாலும் கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் ஆனாலும் முறை ஒன்றுதான். நடுவே வெள்ளைத் துணி, இப்புறம் மக்கள், அப்புறம் பாவையும் விளக்கும். பாவை எத்துணை அழகியதாயினும், ஆட்டுவிப்போன் எத்துணை வல்லவனாயினும், விளக்கு மங்கினால் கூத்தும் மங்கிப் போகும்.

இம்முறையையே மின்னியலின் துணைகொண்டு கையாண்ட கருவி ஒன்று நம் காலத்தில் வளர்ந்து, நம் காலத்திலேயே மறைந்தும் போயிற்று. திரையின் பின்புறமிருந்து படத்தை வீழ்த்திக் காட்டிய பெரிய தொலைக்காட்சிப் பெட்டியே அது. கடைசி வரை அதனை விடாது செய்துவந்த மிட்சுபிஷி நிறுவனமும் 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் அதனைக் கைவிட்டது. "அதன் விளக்கு அடிக்கடி கெட்டது, ஆகவே பெட்டியும் ஒழிந்தது" என்று இன்று பலரும் எளிதாகக் கூறிவிடுவர். ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கின் இக்கூற்று பொருந்தவில்லை. விளக்கின் நோய் தீர்ந்த பின்னரே பெட்டி மாண்டது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

ஒளியும் உருவும் ஒன்றாயிருந்த காலம்

தொலைக்காட்சியின் இளமைக் காலத்தில் ஒளி வேறு, உருவம் வேறு என்ற பிரிவு பெரும்பாலும் இல்லை. கேதோட் கதிர்க்குழாயினுள் எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து, கண்ணாடியின் உட்புறத்தே பூசப்பட்ட ஒளிர்பொருளைத் தாக்கும். தாக்கப்பட்ட இடம் ஒளிரும். அவ்வொளியே உருவம், அவ்வுருவமே ஒளி.

சிறு படத்துக்கு இம்முறை மிக நன்று. பெரும் படம் வேண்டின் குழாயும் பெரிதாதல் வேண்டும். கண்ணாடியின் கனமும் ஏறும். பிற்காலத்தில் வந்த 40 அங்குலக் குழாய்ப் பெட்டிகள் 100 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளவை. ஆகவே சிறிய குழாயில் படத்தை உண்டாக்கி, அதனை ஆடியும் வில்லையும் கொண்டு பெரிதாக்கித் திரையில் வீழ்த்தும் வழியை அறிஞர் தொடக்கத்திலேயே நாடினர். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெட்டி இத்தகையது. அதன் குழாய் 5 அங்குலமே. திரையோ ஏறத்தாழ 15 அங்குல உயரமும் 20 அங்குல அகலமும் உடையது.

ஆயின் ஈண்டு ஒரு கணக்கு குறுக்கே நிற்கும். படத்தின் நீளமும் அகலமும் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். குழாய் தரும் ஒளியோ கூடுவதில்லை. அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவி மெலியும். மெலிவைப் போக்கக் கற்றையின் வலிமையைக் கூட்டினால் ஒளிர்பொருள் சூடேறி விரைவில் தேயும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குழாய்கள் வைத்தும், அவற்றைத் திரவத்தால் குளிர்வித்தும், பகல் வெளிச்சம் புகும் கூடத்தில் அப்படம் சோர்ந்தே தோன்றியது. மூன்று படங்களும் இம்மியும் பிசகாது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவும் வேண்டும். பிசகினால் உருவின் ஓரமெங்கும் வண்ணம் பிதுங்கும்.

ஒளி வேறு, உருவம் வேறு

இத்தடையைக் கடக்கும் கருத்தை முதலில் செயலிற் காட்டியவர்களுள் தலையாயவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரப் பேராசிரியர் பிரிட்ஸ் பிஷர். உருவத்தை வரைவது எலெக்ட்ரான் கற்றையின் வேலையாக இருக்கட்டும். ஒளி தருவது தனியொரு விளக்கின் வேலையாக இருக்கட்டும் என்று அவர் எண்ணினார். மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது கற்றை நெளிவுகளை உண்டாக்கும். வலிய வில்விளக்கின் ஒளி அந்நெளிவுகளால் திசை திரிந்து, திரையில் உருவமாக விழும். 1939-இல் அரும்பிய இக்கருத்து 1943-இல் இயங்கும் கருவியாயிற்று. அதற்கு 'ஐடோபோர்' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் உருவம் தாங்கி என்பது அதன் பொருள். பிஷர் 1947-இல் மறைந்தார். அவர் கருவியோ 1960-களில், அமெரிக்க விண்வெளிப் பயணங்களை நடத்திய ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தின் பெருந்திரைகளுக்குப் பின்னே நின்று பணி செய்தது.

ஐடோபோர் வீட்டுக்கு ஏற்றதன்று. அளவாலும் விலையாலும் மிகப் பெரிது. அதே தத்துவம் வீட்டுக்குள் புகுவதற்கு விரல்நுனி அளவான சில்லு ஒன்று வேண்டியிருந்தது. 1987-ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் அதனை ஆக்கித் தந்தார். அச்சில்லின்மேல் இலட்சக்கணக்கான நுண்ணாடிகள். ஒவ்வோர் ஆடியும் மனித மயிரின் பருமனினும் சிறிது. ஒருபுறம் சாய்ந்தால் ஒளி திரைக்குச் செல்லும். மறுபுறம் சாய்ந்தால் திரைக்குச் செல்லாது ஒதுங்கும். 1996-இல் இச்சில்லு அமைந்த படவீழ்த்திகள் சந்தைக்கு வந்தன. இதற்கு இணையாக நீர்மப் படிகச் சில்லுகளும் வளர்ந்தன. இவை யாவும் உருவத்தைத் தாங்குவனவே. ஒளியைத் தருவன அல்ல. ஒளிக்குத் தனி விளக்கு வேண்டும்.

விளக்கின் அருமையும் குறையும்

எந்த விளக்கும் இதற்குப் பொருந்தாது. வாய் குறுகிய குப்பியில் எண்ணெய் வார்ப்பவன் மெல்லிய தாரையாகவே வார்த்தல் வேண்டும். அகன்ற குடத்தைக் கவிழ்த்தால் பெரும்பகுதி வெளியே சிந்தும். சில்லு சிறிது, ஆகவே ஒளி பிறக்கும் இடமும் மிகச் சிறிதாதல் வேண்டும். பரந்த இடத்தில் பிறந்து எல்லாத் திசையிலும் செல்லும் ஒளியை எந்த வில்லையாலும் குறுகிய வழியில் முற்றும் புகுத்த முடியாது என்பது ஒளியியலின் விதி.

1995-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிகையழுத்தப் பாதரச விளக்கு இவ்விதிக்கு இசைந்தது. குவார்ட்ஸ் குமிழினுள் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் பாதரச ஆவி. இரு மின்வாய்களுக்கு இடையே 1 மில்லிமீட்டரைச் சற்றே கடந்த இடைவெளி. அவ்விடைவெளியில் எரியும் சிறு வில்லே பெருந்திரை முழுவதற்கும் ஒளியூட்டிற்று. பின்வீழ்த்தும் பெட்டிகள் 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் புத்துயிர் பெற்றமைக்கு இவ்விளக்கு முதன்மையான காரணம்.

வகுப்பறையில் படவீழ்த்தியைக் கையாண்ட ஆசிரியர்கள் இவ்விளக்கின் குணங்களை நன்கு அறிவர். எரியத் தொடங்கி முழு ஒளி பெறச் சற்று நேரம் ஆகும். அணைத்தவுடன் மீண்டும் ஏற்ற முயன்றால் ஏறாது. ஆவியின் அழுத்தம் தணியும் வரை காத்திருத்தல் வேண்டும். சில ஆயிரம் மணிக்குப்பின் புது விளக்கு வாங்க வேண்டும். அதன் விலையோ குறைவன்று. இவற்றோடு வண்ணக் குறையும் உண்டு. பாதரச ஒளியில் சிவப்பு குறைவு. ஒரே நுண்ணாடிச் சில்லு உள்ள பெட்டியில், வெண்ணிற ஒளியை வண்ணக் கண்ணாடிகள் பதித்த சக்கரம் சுழன்று பிரிக்கும். சிவப்புக் கண்ணாடி முன்னே நிற்கும் கணத்தில் பச்சையும் நீலமும் வீணாகும். கண்ணை விரைந்து திருப்புவோருக்கு வெண்ணுருவின் ஓரத்தில் வானவில் போன்ற கீற்றும் தோன்றும்.

மூன்று புதிய ஒளிகள்

இக்குறைகளைத் தீர்க்க 2006 முதல் 2008 வரையுள்ள மூன்றே ஆண்டுகளில் மூன்று வகை ஒளிகள் வீட்டுப் பெட்டியை நாடி வந்தன.

முதலாவது, எல்.இ.டி. என வழங்கும் ஒளியுமிழ் டயோடு. சிவப்பு டயோடு பழையது. ஒளிமிக்க நீல டயோடு 1993-இல்தான் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சுஜி நாகமுராவின் உழைப்பால் உலகுக்குக் கிட்டியது. நீல டயோடுக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். 2006-இல் சாம்சங் நிறுவனம் 56 அங்குலப் பெட்டி ஒன்றில், அமெரிக்காவின் லூமினஸ் நிறுவனம் செய்த பெரிய டயோடுகளை வைத்தது. மூன்று வண்ண டயோடுகளும் மாறி மாறி, கண்ணுக்குப் புலப்படாத விரைவில் எரிந்து அணைந்தன. வண்ணச் சக்கரம் வேண்டாதாயிற்று, பாதரசமும் வேண்டாதாயிற்று, விளக்கு மாற்றும் தொல்லையும் நீங்கிற்று. குறை ஒன்றே. டயோடுகளை எண்ணிக்கையில் பெருக்கினால் ஒளி பிறக்கும் பரப்பும் பெருகும். அப்போது முன்னே கூறிய குப்பியின் வாய் மறுபடியும் தடுக்கும்.

இரண்டாவது, மின்வாய் இல்லாத விளக்கு. பழைய விளக்கில் மின்வாய் தேய்ந்து குமிழின் சுவரைக் கறுப்பாக்கும். லக்சிம் என்ற அமெரிக்க நிறுவனம் மின்வாயையே நீக்கிவிட்டு, மாத்திரை அளவான குமிழினுள் வானொலி அலையின் ஆற்றலைச் செலுத்தி, உள்ளிருக்கும் பொருளை ஒளிரச் செய்தது. 2007-இல் பானசோனிக் நிறுவனம் தன் பெட்டிகளில் இதனை அமைத்தது.

மூன்றாவது, லேசர். 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். அதன் கற்றை மிக ஒடுங்கியது. எத்துணைச் சிறிய சில்லானாலும் சிந்தாமல் புகும். அதன் வண்ணமும் மிகத் தூயது. இடர் பச்சையில் இருந்தது. பச்சை ஒளியை நேரே தரும் குறைகடத்தி லேசர் 2009-ஐ ஒட்டியே ஆய்வுக்கூடங்களில் கைகூடியது. அதற்கு முன், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு லேசரைப் படிகத்தின் வழியே செலுத்தி, அதன் அதிர்வை இரு மடங்காக்கிப் பச்சை பெற்றனர், செலவு மிகுந்தது. திரையில் மணல் தூவினாற்போல் மின்னும் புள்ளிகளையும் அடக்க வேண்டியிருந்தது. இத்தடைகளை எல்லாம் கடந்து 2008-இல் மிட்சுபிஷி 65 அங்குல லேசர்ப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. விலை ஏறத்தாழ 7,000 அமெரிக்க டாலர்.

பெட்டி மறைந்தது எதனால்?

இவ்வாறு விளக்கின் நோய்க்கு மும்மருந்தும் கிடைத்தன. ஆயினும் பெட்டி பிழைக்கவில்லை. லேசர்ப் பெட்டி கடைக்கு வருமுன்னரே, 2007 டிசம்பரில், சோனி நிறுவனம் இத்துறையினின்று விலகுவதாக அறிவித்துவிட்டது. எல்.இ.டி. பெட்டியை முதலிற் கொணர்ந்த சாம்சங்கும் நெடுநாள் நிலைக்கவில்லை.

காரணம் விளக்கில் இல்லை. பெட்டியின் வடிவில் இருந்தது. பின்னிருந்து படம் வீழ்த்த ஒளி செல்லும் தொலைவு வேண்டும். ஆடிகளால் எவ்வளவு மடக்கினாலும் ஓர் அடிக்குக் குறையாத ஆழம் பெரும்பாலான பெட்டிகளுக்குத் தேவைப்பட்டது. அப்போது வந்த நீர்மப் படிகத் தட்டையும் பிளாஸ்மாத் தட்டையும் சில அங்குலக் கனமே உடையவை, சுவரில் மாட்டத்தக்கவை. முதலில் அவற்றின் விலை மிக அதிகம். பெரிய திரையைக் குறைந்த விலையில் தருவது பின்வீழ்த்தும் பெட்டி ஒன்றே. ஜப்பானிலும் கொரியாவிலும் தைவானிலும் பெரும் ஆலைகள் எழுந்து தட்டைத் திரையின் விலை ஆண்டுதோறும் சரிந்தபோது, அந்த ஒரே சிறப்பும் போயிற்று. புது விளக்குகளோ பெட்டியின் விலையை ஏற்றின. குறைந்த விலையால் வாழ்ந்த பொருளுக்கு விலையேற்றும் மருந்து உதவவில்லை.

விளக்கு வாழ்கின்றது

ஆனால் மருந்து வீணாகவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. 2010-இல் காசியோ நிறுவனம் பாதரசம் இல்லாத படவீழ்த்தியை வெளியிட்டது. நீல லேசர், அந்நீலத்தால் பச்சையாக ஒளிரும் ஒளிர்பொருள், சிவப்பு டயோடு ஆகிய மூன்றும் அதில் கூடி உழைத்தன. அதன்பின் லேசர் ஒளி பள்ளிகளிலும் மண்டபங்களிலும் பரவிற்று. திரையரங்குகளில் செனான் வில்விளக்கின் இடத்தையும் பற்றி வருகின்றது. பெட்டியை வீழ்த்திய நீர்மப் படிகத் தட்டையும் தானே ஒளிர்வதன்று. அதன் முதுகிலும் ஒரு விளக்கு உண்டு. தொடக்கத்தில் அது பாதரசம் கலந்த மெல்லிய குழல் விளக்கு. 2004-இல் சோனி ஒரு தொலைக்காட்சியில் அதற்கு மாற்றாக எல்.இ.டி.யை அமைத்தது, பின்னர் அதுவே உலக வழக்காயிற்று. வென்ற கருவியும் திரைக்குப் பின் விளக்கு வைக்கும் பழைய முறையைத்தான் பின்பற்றுகின்றது.

வரலாற்றைக் கற்பிப்போர் வென்ற கருவியின் பெயரையும் தோற்ற கருவியின் பெயரையும் மட்டும் பட்டியலிட்டால், தோற்றதன் உள்ளே வாழ்ந்த அறிவு மாணவர் கண்ணுக்குப் படாமற் போகும். பெட்டி தோற்றதனால் அதற்காக உழைத்தோர் தோற்றவர் ஆகார். 'விளக்கு' என்னும் சொல் தமிழில் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். வகுப்பறைச் சுவரில் இன்று படம் விழும்போது, அவ்வொளி எங்கெங்குச் சென்று, எந்தப் பெட்டியில் சில காலம் தங்கி, இங்கு வந்தது என்பதையும் ஆசிரியர் மாணவர்க்கு விளக்குவாராயின், மறைந்துபோன அப்பெட்டிக்கும் உரிய இடம் வரலாற்றில் கிடைக்கும்.