புழுங்கல் அரிசி தந்த மருத்துவப் பாடம்

பாயான் பாருவிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் எதிரே ஜெரெஜாக் தீவு தெரியும். தமிழகத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்த தொழிலாளர் பலர், தொற்றுநோய்க் காப்பின் பொருட்டு அத்தீவில் தங்கவைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பெற்றனர். அவர்கள் கொண்டுவந்த உடைமைகள் மிகச் சில. ஆயினும், அவர்தம் உணவுப் பழக்கமொன்று மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

அக்காலத்து மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால்கள் மரத்துப் போகும்; உடல் வீங்கும்; இறுதியில் இதயம் தளரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் இதனால் பெருமளவில் மாண்டனர். தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. பச்சரிசியில் நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதினார். அவர் கண்ட வேறுபாடு சரி. கூறிய காரணம் தவறு.

1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவர் பிளெட்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினார். பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மறு பிரிவில் அந்நோயால் இறந்தார் எவருமிலர். பின்னர், பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு ஆய்வாளர்கள், குற்றம் நஞ்சில் இல்லை, தவிட்டோடு நீங்கிவிடும் சத்தின் குறைவிலேதான் உள்ளது என்று 1909இல் நிறுவினர்.

அச்சத்து, இன்று நாம் வைட்டமின் பி1 என வழங்கும் தயமின். நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது, தவிட்டிலுள்ள இச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முழுதும் நீங்குவதில்லை. இச்சத்துக் குறைந்தால் நரம்பும் இதயமும் மட்டுமல்ல, நினைவாற்றலும் சிந்தைத் தெளிவும் கெடும். உடல்நலமும் மனநலமும் ஒரே உலையில் வேகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனைப் பழம்பெருமையாக மட்டும் பேசி அமைதல் தகாது. நெல் அவித்த நம் பாட்டிமார் வைட்டமினை அறிந்திலர். அவர்தம் பட்டறிவு அதனைக் காத்தது. அதே புழுங்கற்சோறு உண்ட தமிழ்த் தொழிலாளரைத் தோட்டங்களில் மலேரியா கொன்று குவித்தது. நல்ல பழக்கம் ஒன்றே போதாது. வடிகாலும் மருந்தும் நேரிய நிருவாகமும் வேண்டும். மேலும், காப்பகத்தில் இறந்த அந்தப் பதினெண்மரின் இசைவை எவர் கேட்டனர்? சீனரையும் தமிழரையும் ஒருங்கே காக்கும் அறிவு, தமக்காகப் பேச இயலாதார் உயிரை விலையாகக் கொண்டு வந்தது.

மாணவர்களே, வீட்டு அடுக்களையில் நாள்தோறும் நிகழ்வனவற்றை உற்று நோக்குங்கள். ‘இஃது ஏன்?’ என்று பெரியோரைக் கேளுங்கள். விடையை அறிவியலால் சோதியுங்கள். நலவாழ்வின் வரலாறு மருத்துவமனையில் மட்டுமன்றி, நம் சோற்றுப் பானையிலும் எழுதப்பட்டுள்ளது.