வாடகை உயராத ஊர்

துறைமுக நகரங்களின் கதையில் இந்த வாரம் பினாங்கு. இந்த மலேசிய மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குப் போகிற பயணிகள் தவறாமல் நடக்கும் தெரு, முன்பு பிட் தெரு என்று வழங்கிய இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், குயின் தெருவைப் பார்த்து நிற்கும் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல் என எல்லாமே சிறு நடைத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. இவை இப்படி நிலைத்திருப்பதற்கு வழிகாட்டி நூல்கள் சொல்லும் காரணம், அந்த ஊர் மக்களின் நல்லிணக்கமும் பழமைப் பற்றும். நல்லிணக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வழிபாட்டிடங்களை எந்த ஊரும் எளிதில் இடிப்பதில்லை. ஜார்ஜ் டவுனை ஜார்ஜ் டவுனாக்குவது அவற்றுக்கு இடையில் வரிசை வரிசையாக நிற்கும் ஆயிரக்கணக்கான சாதாரணக் கடைவீடுகள். அவை ஏன் பிழைத்தன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அழகுணர்ச்சியைவிட, ஒரு வாடகைச் சட்டமும் ஒரு பொருளாதாரச் சரிவும் அவற்றைக் காப்பாற்றின என்பது என் முடிவு.

கடைவீட்டை முதலில் சரியாகப் பார்த்துவிடுவோம். தெருவை நோக்கிய அகலம் பதினெட்டு, இருபது அடி. ஆழமோ சில வீடுகளில் நூறடியையும் தாண்டும். கீழே கடை, மேலே குடித்தனம். பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அதில்தான் உத்தரங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். இவ்வளவு நீளமான வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் வர, நடுவில் திறந்த முற்றம், செட்டிநாட்டு வீட்டு வளவைச் சுருக்கி வைத்ததுபோல. மழை நேராக உள்ளே விழும். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போகும். செங்கல்லின் மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்து, சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விடும். முகப்பில் அஞ்சடி. வீட்டு முன்பகுதியில் ஐந்தடி அகலத்துக்குக் கூரையுள்ள நடைபாதை விடவேண்டும் என்று 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்காக ஆங்கில ஆட்சியாளர் ராஃபிள்ஸ் வகுத்த விதி மலாயா நகரங்களுக்கும் பரவியது. வெயிலிலும் மழையிலும் தெரு முழுக்க நடந்துபோகலாம். தையல்காரரும் பூக்காரரும் அங்கேயே உட்கார்ந்து தொழில் பார்க்கலாம். சீனக் கைத்திறன், மலாய் மரவேலை, ஐரோப்பிய முகப்பு அலங்காரம், இந்தியச் சாந்துப்பூச்சு எல்லாம் ஒரே வீட்டில் கூடிய அபாரமான கட்டட வகை இது. தனியே ஒரு கடைவீட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரு தெருவே அப்படி நின்றால்தான் அதன் பொருள் விளங்கும்.

போருக்குப் பின் மலாயாவில் குடியிருப்புப் பஞ்சம். அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகளின் தொடர்ச்சியாக 1966இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உறைய வைத்தது. வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்றவோ குடியிருப்பவரை வெளியேற்றவோ முடியாது. குறைந்த வாடகைக்கு எடுத்த முதல் குடித்தனக்காரர் அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். பெயர்ப்பலகை செதுக்குபவர், ஊதுபத்தி உருட்டுபவர், மலாய்க்காரர் அணியும் சொங்கோக் தொப்பி தைப்பவர் நகரின் நடுவில் கடை வைத்துப் பிழைக்க முடிந்தது அதனால்தான். இதற்கிடையே 1969இல் ஜார்ஜ் டவுன் தன் சுங்கமில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. நகரை வளர்த்ததே அந்த உரிமை. வேலையின்மை பெருகியபோது மாநில அரசு 1970களில் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை அமைத்தது. கப்பல் வேலையின் பெரும்பகுதி எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கு நகர்ந்தது. பணம் வேறு இடம் தேடிப் போனது. பழைய நகரத்து மனையை இடித்துக் கட்ட சட்டமும் இடம் தரவில்லை, சந்தையும் அவசரப்படுத்தவில்லை.

இது வெறும் ஊகம் என்று சொல்பவர்களுக்கு சிங்கப்பூரைக் காட்டலாம். அங்கும் அதே வகைக் கடைவீடுகள், அதே வகை வாடகைச் சட்டம். ஆனால் 1969இல் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றி, ‘கோல்டன் ஷூ’ எனப்பட்ட வணிக வட்டாரத்தில் வாடகைக் கட்டுப்பாட்டை விலக்க வழி செய்தார்கள். வீட்டுக்காரர்கள் கட்டடங்களைத் திரும்பப் பெற்றார்கள். வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. மார்க்கெட் தெருவில் நகரத்தார் தலைமுறை தலைமுறையாக வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளும் நகரச் சீரமைப்பில் போய்விட்டன. சிங்கப்பூர் அரசின் நில எடுப்பு அதிகாரமும் பொருளாதார வேகமும் பினாங்கில் இல்லையே என்று கேட்டால், உண்மைதான். சட்டம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பினாங்குக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. 1974இல் வேலை தொடங்கிய 65 மாடி கொம்தார் கோபுரத்துக்காக அரசே முன்னின்று பழைய வீடுகளை அப்புறப்படுத்தியது. பழமைப் பற்று ஒரு நகரின் இயல்பான குணம் என்றால் கொம்தார் எழுந்திருக்காது. சிங்கப்பூரில் போய்விட்டவை போன்ற நகரத்தார் கிட்டங்கிகள் ஜார்ஜ் டவுனின் பினாங்கு தெருவில் இன்னும் நிற்கின்றன. தைப்பூசத்தை ஒட்டி அங்குள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் இன்றும் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படுகிறது.

வாடகைச் சட்டம் கட்டடங்களை அழுக விட்டது என்பது வலுவான ஆட்சேபம். அற்ப வாடகையில் யார் ஓடு மாற்றுவார்கள்? உத்தரம் இற்றது, சுவரில் ஆலஞ்செடி முளைத்தது. இதை மறுக்க முடியாது. ஆனால் இற்ற உத்தரத்தை மாற்றலாம். இடித்த தெருவைத் திரும்பக் கட்ட முடியாது. கையில் காசில்லாததால் யாரும் முற்றத்தை மூடிக் குளிர்சாதனம் வைக்கவில்லை, சுண்ணாம்பைச் சுரண்டி சிமெண்ட் பூசவில்லை. ஆட்சேபத்தின் இன்னொரு பாதி எனக்கு உண்மையாகவே உறுத்தலாக இருக்கிறது. ஊர் முழுக்க அனுபவித்த நன்மைக்கு வீட்டுக்காரர்கள் மட்டும் விலை கொடுத்தார்கள். அவர்களில் ஒற்றை வீட்டை நம்பியிருந்த எளியவர்களும் உண்டு. அந்த அநீதியைச் சரிசெய்ய, பழுதுபார்க்க மானியமும் படிப்படியான வாடகை உயர்வும் கொடுத்திருக்கலாம். அரசு தேர்ந்தெடுத்த வழியோ சட்டத்தையே நீக்குவது.

அறநிலையங்கள்தான் காத்தன என்று வேறொரு விளக்கமும் உண்டு. அதில் பாதி சரி. 1901இல் எரிந்து 1906இல் மீண்டும் எழுந்த கூ கொங்சி என்ற சீனக் குலச் சங்கத்தின் மண்டபத்தைச் சுற்றி அந்தக் குலத்துக்குச் சொந்தமான வீட்டு வரிசைகள் உள்ளன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு விட்ட வக்ஃபு நிலங்கள் சீரழிவதைத் தடுக்கவே 1905இல் முகமதிய, இந்து அறக்கொடை வாரியச் சட்டம் வந்தது. விற்க முடியாத நிலம் துண்டாடப்படாமல் நின்றது என்பது பெரிய விஷயம். ஆனால் நிலத்தை வைத்திருப்பது வேறு, குடியிருப்பவர்களை வைத்திருப்பது வேறு. இந்த இரண்டாவது வேலையைச் செய்தது வாடகை வரம்பு.

1997இல் நீக்கச் சட்டம் இயற்றி, அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அதற்குப் பின் நடந்ததே என் வாதத்துக்குப் பெரிய சான்று. வாடகை எகிறியது; குடும்பங்களும் தொழில்களும் வெளியேறின. காலியான வீடுகளில் சன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைக் குரல் போட்டு, உழவாரன் குருவிகளை வளர்த்துக் கூடு அறுத்து விற்றார்கள்; எச்சத்தின் ஈரம் சுவர்களைத் தின்றது. கடலின் மேல் கால் ஊன்றி நிற்கும் சீனக் குலத்தவரின் மரப்படகுத்துறைக் குடியிருப்புகளில் கோய் துறை 2006இல் இடிபட்டது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்த பிறகே மிச்சத்துக்குக் காவல் வந்தது. யுனெஸ்கோவே காப்பாற்றியது என்பவர்கள் இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். பட்டியலிட ஏதாவது மிஞ்சியிருந்தால்தானே பட்டியல்?

சுமார் 109 ஹெக்டேர் மையப் பகுதியில் 18 மீட்டர் உயர வரம்பு, ஓடு, சாந்து, முகப்பு பற்றிய விதிகள் எல்லாம் இப்போது உண்டு. அவை தேவையானவையே. ஆனால் பல கடைவீடுகள் பயணிகள் விடுதியாகவும் காபிக்கடையாகவும் மாறிவிட்டன. யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை ஏற்றதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அது பல இன மக்களின் பண்பாட்டுக்கு உயிருள்ள சாட்சி என்பது. அந்தச் சாட்சி வீட்டுக்குள் குடியிருக்கும் மனிதர். அவர் கொடுக்கும் வாடகைக்கு இன்று உச்சவரம்பு கிடையாது. பழைய சட்டத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. கொங்சிகளும் வக்ஃபும் கோயில்களும் தேவாலயங்களும் இன்னும் நகரின் கணிசமான நிலத்தை வைத்திருக்கின்றன. தங்கள் வீடுகளில் ஒரு பங்கை நீண்ட காலக் குத்தகைக்கு, கட்டுப்படியாகும் வாடகையில், அங்கேயே தொழில் செய்து வாழ்கிறவர்களுக்கென்று ஒதுக்க அவற்றால் முடியும். பழுதுபார்க்கும் செலவில் அரசு பங்கேற்றால் அவற்றுக்கும் நட்டமில்லை. தனியார் வீட்டுக்காரரிடம் கேட்க முடியாத இதை, அறத்துக்காக நிலம் எழுதிவைத்தவர்களின் நிலையங்களிடம் கேட்கலாம்.