பசுவும் கடிதமும்

போடியில் இருட்டு விலகுமுன் ஜீப் ஏறும் பெண்களில் பலருக்கும் ஒரு சேக்காளி உண்டு. தூக்குவாளியை ஒட்டித் தூக்குவாளி. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒருத்தி தோளில் மற்றவள் தூக்கம். மேலே ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுக்கும்போதும் பக்கத்துப் பக்கத்து வரிசை. "அவ என் சேக்காளி" என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நட்பைத் தாண்டிய பிரியம் இருந்தாலும் அதுவும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்துகொள்ளலாம், கல்யாணப் பேச்சு வருகிறவரை.

சுனிதி நம்ஜோஷியையும் நான்சி கார்டனையும் சேர்த்துப் படித்தபோது இந்தச் சொல் என்னை விடவே இல்லை. கார்டன் 1938இல் பாஸ்டனில் பிறந்தவர். நம்ஜோஷி 1941இல் மும்பையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பணியை விட்டு, டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவர். பெண்ணை நேசிக்கும் பெண்ணை இருவருமே எழுதினார்கள், இளையவர்களுக்கும் எழுதினார்கள். நம்ஜோஷியின் 'ஃபெமினிஸ்ட் ஃபேபிள்ஸ்' வந்தது 1981இல். கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' அடுத்த ஆண்டே.

நம்ஜோஷியின் வழி நம் பாட்டிமார் வழி. மனிதர் வாயால் சொல்ல முடியாததை விலங்கின் வாயால் சொல்வது. 1985இல் வந்த 'தி கான்வர்சேஷன்ஸ் ஆஃப் கௌ' நாவலில் சுனிதி என்பவளுக்குத் தரிசனம் தரும் தெய்வம், பத்ராவதி என்ற பசு. அதுவும் பெண்ணை விரும்பும் பசு! நினைத்தபோது உருமாறும், ஆணாகவும் வந்து நிற்கும். நாம் கும்பிடுகிற உருவத்துக்குள்ளேயே தன் கேள்வியை வைத்துவிட்டார் நம்ஜோஷி. அந்தத் துணிச்சலை எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். மறு ஆண்டே அதிதி என்ற சிறுமியையும் ஒற்றைக்கண் குரங்கையும் வைத்துச் சிறுவர் கதை எழுதினார். அதிதி கதைகளைப் பின்னாளில் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்டது.

கார்டனிடம் பசுவும் இல்லை, குரங்கும் இல்லை. நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் லைசாவும் ஆனியும் சந்திக்கிறார்கள், இருவருக்கும் வயது 17, காதலிக்கிறார்கள். விஷயம் வெளியே வந்து, அவர்களோடு சேர்த்து இரண்டு ஆசிரியைகளும் சிக்கி, வேலை இழக்கிறார்கள். பெயர் சொல்லி எழுதியதற்கு விலையும் இருந்தது. 1993இல் கான்சஸ் சிட்டியில் அந்த நாவலைப் பொது இடத்தில் எரித்தார்கள். பக்கத்து ஊரான ஓலேத்தாவில் பள்ளி நூலகங்களிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1995இல் நீதிமன்றம் நூலைத் திரும்ப வைக்கச் சொன்னது. 2003இல் அமெரிக்க நூலகர்களின் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது கார்டனைத் தேடி வந்தது.

கலை என்று பார்த்தால் எனக்கு நம்ஜோஷிதான் பெரியவர். ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து போடியில் கல்லூரி படிக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு புத்தகம் கொடுக்க வேண்டுமென்றால் கார்டனைத்தான் கொடுப்பேன். பசுவுக்குள் தன்னைக் கண்டுகொள்ளக் கொஞ்சம் வாழ்ந்திருக்க வேண்டும். பதினேழு வயதில் தேவைப்படுவது தன்னைப் போல ஒருத்தி. ஒருவரையொருவர் நேசித்து மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே இப்படிப்பட்ட நேசத்தைப் பற்றி உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். நீதிபதிக்கே அது தேவைப்பட்டது என்றால், எந்தச் சொல்லும் கையில் இல்லாத அந்தப் பெண்?

கார்டனின் நாவல் முழுக்க லைசா ஆனிக்கு ஒரு கடிதம் எழுதப் பார்க்கிறாள், முடியவில்லை. கடைசியில் போனை எடுக்கிறாள். மறுமுனையில் ஆனியின் குரல்.