பத்து பேர், ஒன்பது மார்க்: பைத்தான் ‘ஜிப்’பின் கதை

இன்னைக்கு ஒரு சின்ன ஃபங்ஷனோட வரலாறு.

ரெண்டு லிஸ்ட் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒண்ணுல பத்து மாணவர்களோட பேர், இன்னொண்ணுல அவங்க மார்க். ஆனா ஒரு மார்க் விட்டுப்போச்சு, ஒன்பதுதான் இருக்கு. இதை ஜோடி சேர்க்க பைத்தான்ல ‘ஜிப்’னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. பேண்ட் ஜிப் ரெண்டு பக்கப் பல்லையும் கோர்க்கிற மாதிரிதான். இந்த ரெண்டு லிஸ்ட்டையும் கொடுத்தா ஒன்பது ஜோடி வரும். பத்தாவது ஆள் காணாமப் போயிடுவார், எரர் எதுவும் வராது. விட்டுப்போனது நடுவுல இருந்தா இன்னும் மோசம். அங்கிருந்து ஒவ்வொருத்தருக்கும் அடுத்தவரோட மார்க் போய் உட்காரும்.

இது தற்செயலா நடந்தது இல்லை. ஜிப்புக்கான முன்மொழிவை எழுதினவர் பேரி வார்சா. 2000 அக்டோபர்ல வந்த பைத்தான் 2.0ல அது சேர்ந்தது. அதுக்கு முன்னாடி ‘மேப்’ ஃபங்ஷனை வெச்சு இந்த வேலையைச் செய்வாங்க. அது குட்டை லிஸ்ட்டோட கடைசியில வெற்று மதிப்பைப் போட்டு நிரப்பும். ஜிப் அப்படி நிரப்பாம, குட்டையானது முடிஞ்ச இடத்துல நிறுத்திடும்.

டாக்குமெண்டேஷன் இதை மறைக்கவே இல்லை. குட்டையான லிஸ்ட்டோட நீளத்துக்கு வெட்டப்படும்னு ஆரம்பத்துலயே எழுதியிருந்தாங்க. பின்னாடி, மிச்ச மதிப்புகள் முக்கியம்னா வேற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கன்னும் சேர்த்தாங்க. ஆனா என் கணக்குப்படி ஆபத்தே வேற இடத்துல இருக்கு. நீளம் வித்தியாசமா இருக்குன்னு தெரிஞ்சவர் அந்த வரியைத் தேடிப் படிப்பார். ரெண்டும் ஒரே நீளம்னு நம்பிட்டு இருக்கிறவர் ஏன் படிக்கப் போறார்?

2020ல வந்த 618ஆம் எண் முன்மொழிவு இதைத்தான் பிடிச்சது. அது காட்டின ஒரு உதாரணம் பைத்தானோட சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. நிரல் அமைப்பைக் கையாளுற ‘ஏஎஸ்டி’ மாட்யூல்ல, சாவி இருந்து மதிப்பு இல்லாத தப்பான அகராதியைக் கொடுத்தா, புகார் சொல்லாம காலி அகராதியைத் திருப்பித் தந்தது. உள்ளே வேலை பார்த்தது ஜிப்.

ஜிப்போட இயல்பையே மாத்திடலாமேன்னு கேட்கலாம். மாத்தினா, வெட்டுறதை நம்பி எழுதின பழைய நிரல்கள் உடையும். முடிவில்லாத எண் வரிசையோட ஒரு லிஸ்ட்டைக் கோர்க்கிறது நியாயமான தேவையும்கூட. அதனால ‘ஸ்ட்ரிக்ட்’னு ஒரு விருப்பம் மட்டும் 2021 அக்டோபர்ல, பைத்தான் 3.10ல வந்தது. அதைப் போட்டா, நீளம் பொருந்தலைன்னா எரர் வரும்.

எனக்கு அதைவிடப் பெருசாப் பட்டது, அப்போ திருத்தி எழுதின டாக்குமெண்டேஷன்தான். நீளம் மாறினா கையாள மூணு வழி இருக்குன்னு பிரிச்சுச் சொல்லுது: வெட்டலாம், எரர் தரலாம், நிரப்பலாம். ஸ்ட்ரிக்ட் போடலைன்னா பிழை அமுங்கி, நிரல்ல வேற எங்கேயோ போய்த் தலைகாட்டும்னும் எச்சரிக்குது. ஃபங்ஷன் என்ன செய்யும்னு 2000லயே எழுதியாச்சு. அதனால நமக்கு என்ன ஆகும்னு இவ்வளவு தெளிவா எழுத இருபது வருஷம் ஆச்சு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.