எந்தத் தெரு என்று கேட்கும் நீதி

"எந்த ஊர்?" என்று கேட்டார்கள். பையன் ஊர்ப் பெயரைச் சொன்னான். "எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி.

திருட்டு வழக்கில் பிடிபட்ட ஒரு சிறுவனோடு ஓர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நாங்கள் நின்றபோது நடந்தது இது. எந்த மாவட்டம் என்பது முக்கியமில்லை. கேட்டவர் கெட்ட மனிதரும் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அதற்குப் பிறகு அவன் தலை நிமிரவே இல்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் வளர்ந்த யாருக்கும் தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று தெரியும்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது, தோழர்களே. அதில் நம் மாவட்டத்துக்கும் இடமுண்டு.

1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் மட்டுமல்ல, அன்றைய தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர்களும் அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைக்க அஜீஸ் நகர் செட்டில்மென்ட் உருவானது. அந்த 1911 சட்டம், அறிவிக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்தப் பிள்ளை எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்திருந்தால் போதும்.

அதே சென்னை மாகாணம்தான் 1920இல் இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. குழந்தையைப் பெரியவர்களோடு சேர்த்துத் தண்டிக்கக் கூடாது, திருத்த வேண்டும் என்ற சிந்தனை, 1899இல் சிகாகோவில் தொடங்கிய சிறார் நீதிமன்றத்தின் வழியாக உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் சென்னையைப் பின்பற்றின. பாடப் புத்தகங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும். ஆனால் இரண்டு சட்டங்களும் ஒரே நேரத்தில், ஒரே மாகாணத்தில் நடைமுறையில் இருந்தன. ஒன்று குழந்தையைத் திருத்தலாம் என்றது. மற்றொன்று, சில குழந்தைகள் குற்றவாளிகளாகவே பிறக்கிறார்கள் என்ற எண்ணத்தில் நின்றது. ஒரு பிள்ளை எந்தச் சட்டத்தின் கையில் போகும் என்பதைச் சாதி தீர்மானித்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் 1952இல் ஒழிந்தது. அந்தப் பார்வை ஒழிந்ததா?

1985இல் ஐ.நா. பொதுச்சபை பெய்ஜிங் விதிகளை ஏற்றது. அதன் 22ஆம் விதி இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சிறார் வழக்குகளைக் கையாள்பவர்களுக்குத் தொழில்முறைப் பயிற்சி வேண்டும். வழக்கில் வரும் சிறார்களின் சமூகப் பன்மை, அவர்களைக் கையாள்பவர்களிடமும் தெரிய வேண்டும்.

முதல் பாதியை நம் சட்டம் எடுத்துக்கொண்டது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, முதன்மை நடுவர் உட்படக் குழுமத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும் நியமனமான 60 நாட்களுக்குள் பயிற்சி தர வேண்டும். 2018இல் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றம், காலியிடங்களை நிரப்பவும் பயிற்சியை முறைப்படுத்தவும் வலியுறுத்தியது. 16 வயதைத் தாண்டிய சிறாரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கும்போது, குழுமத்தில் உளவியல் வல்லுநர் இல்லையென்றால் வெளியிலிருந்து வல்லுநரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022இல் அதே நீதிமன்றம் சொன்னது. நல்ல முன்னேற்றங்கள்தான். ஆனால் பராமரிப்பு, பாதுகாப்பு, மறுவாழ்வு, சட்டக்கூறுகள் என்று பயிற்சிக்குரியவற்றை அடுக்கும் அந்த 4ஆம் பிரிவில் சாதி என்ற சொல் இல்லை.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. 12ஆம் பிரிவுப்படி சிறாருக்குப் பிணைதான் விதி. தெரிந்த குற்றவாளிகளோடு சேர நேரிடும் என்று கருதினால் மறுக்கலாம் என்பது விதிவிலக்குகளில் ஒன்று. ஒரு தெருவையே குற்றவாளிகளின் தெருவாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அந்த விதிவிலக்கு போதும். பிள்ளை வீட்டுக்குப் போகாமல் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகும். அங்கே என்ன நடக்கும்? 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில், திருட்டுப் புகாரில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். அங்கே வேலை செய்தவர்களே கைதானார்கள். அதன் பிறகுதான் நீதிபதி கே. சந்துரு குழு அமைந்து, இல்லங்களைச் சீரமைக்கப் பரிந்துரைகள் தந்தது.

பெய்ஜிங் விதியின் இரண்டாம் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. அதை நாமும் கையில் எடுக்கலாம். குழுமத்தில் நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான கல்வி, நலம், சுகாதாரப் பணியில் 7 ஆண்டு அனுபவம் அல்லது சமூகவியல், சட்டம், உளவியல் பட்டத்தோடு தொழில் அனுபவம் வேண்டும். 2016 மாதிரி விதிகள் 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. எங்களில் சிலர் அந்த வயதை நெருங்குகிறோம். இன்று கல்லூரியில் இருக்கும் நீங்களும் நெருங்குவீர்கள். மாலை நேரப் படிப்பு மையத்தில் பாடம் சொல்லித்தரும் ஒவ்வொரு வருடத்தையும் எழுதி வையுங்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.

நீதிபதிகளுக்குப் பயிற்சி வேண்டும், அதில் சாதி பற்றிய பாடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அதோடு, அந்த மேசைக்குப் பின்னால் நம் தெருவிலிருந்து வந்த ஒருவரும் உட்கார வேண்டும். "எந்தத் தெரு?" என்று கேட்கத் தேவையில்லாத ஒருவர். "சாப்பிட்டியாப்பா?" என்று முதலில் கேட்கத் தெரிந்த ஒருவர்.